டில்லிக் கத்தரியும் தேரிச் செம்மணலும்

குரங்கு மனிதனாக மாறியதை எவரேனும் கண்ணால் கண்டதுண்டா? இப்படிக் கேட்டவர் கோயில் திண்ணையிலே கதை சொல்லிக் காலங்கழிக்கும் பாகவதர் அல்லர். மனிதவள மேம்பாடு என்று அப்போது பெயர் பூண்டிருந்த கல்வித் துறையிலே இந்திய அரசின் இணையமைச்சராக வீற்றிருந்த சத்யபால் சிங், 2018 சனவரித் திங்களில் கேட்டார். முன்னோர் எவரும் அக்காட்சியைக் கண்டதாகச் சொன்னதில்லை, எழுதி வைத்ததுமில்லை. எனவே டார்வின் கொள்கை தவறு. பள்ளியிலும் கல்லூரியிலும் பாடத்தை மாற்றுக! இதுவே அன்னவர் அருளுரையின் சாரம்.

வேடிக்கை யாதெனில், அரசியலுக்கு வருமுன் அவர் மும்பை மாநகரக் காவல்துறை ஆணையர்! நள்ளிரவில், பூட்டிய வீட்டுக்குள் நடந்த கொலைக்கு நேரில் கண்ட சாட்சி கிடைப்பதுண்டோ? கதவுப் பிடியிலே படிந்த விரல் ரேகை பேசும். சேற்றிலே பதிந்த காலடி பேசும். உலர்ந்த குருதித் துளி பேசும். அவற்றை நம்பித்தான் காவல்துறை ஆளைப் பிடிக்கிறது. அவற்றை நம்பித்தான் நீதிமன்றம் தண்டனை தருகிறது. ஒரு மனிதனை ஆயுள் முழுதும் சிறையில் அடைக்கப் போதுமான சான்று முறை, உயிரின் வரலாற்றைச் சொல்வதற்கு மட்டும் போதாதாம்! பாறையில் பதிந்த எலும்பும், கல்லாகிப் போன மரமும், நம் உடலின் ஒவ்வோர் அணுவறையிலும் சுருண்டு கிடக்கும் மரபுப் பொருளும் காலம் விட்டுச் சென்ற விரல் ரேகைகள் அல்லவா?

மேலும், இன்றைய குரங்கின் பேரன்தான் மனிதன் என்று டார்வின் எங்கே சொன்னார்? மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையின் வழிவந்த பங்காளிகள் என்பதன்றோ அவர் கூற்று! பங்காளியைப் பாட்டனாகத் திரித்துவிட்டு, பாட்டன் பேரனைப் பெற்றதைப் பார்த்தவர் யார் என்று கேட்பது வாதமன்று, வம்பு.

கண்ணால் கண்டதே இல்லையா? கண்டிருக்கிறோம். டி.டி.டி. மருந்து தெளித்ததும் சுருண்டு விழுந்த கொசு இனத்திலே, விழாத சில பிழைத்து, அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகி, 1950களின் இறுதிக்குள்ளாகவே மருந்துக்கு மசியாத கொசுப் படைகள் இந்தியாவில் எழுந்துவிட்டன. கொரோனாக் கிருமி எத்தனை உருமாற்றம் கொண்டது! டெல்டா என்னும் வகை முதன்முதலில் இனங்காணப்பட்டதே இந்தியாவில்தான், 2020இன் இறுதியில். அடுத்த ஆண்டு நவம்பரில் ஓமிக்ரான். பரிணாமத்தை எவரும் பார்த்ததில்லை என்று சொன்னவர்களும், அந்தப் பரிணாமத்துக்கு அஞ்சி முகக்கவசம் மாட்டிக்கொண்டுதானே திரிந்தார்கள்!

அமைச்சரின் பேச்சைக் கண்டித்து நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் ஒன்றுசேர்ந்து அறிக்கை விடுத்தன. மூத்த அமைச்சரே அவரை அடங்கச் சொன்னார். அடங்கியதா அந்தக் குரல்? 2019 சனவரியில், ஜலந்தரிலே கூடிய இந்திய அறிவியல் மாநாட்டின் மேடையில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எழுந்து நின்று, டார்வின் கொள்கையைவிடத் தசாவதாரமே மேலான விளக்கம் என்றார். மீன், பிறகு ஆமை, பிறகு பன்றி, பிறகு பாதிச் சிங்கம், பிறகு குள்ளன், பிறகு கோடரி ஏந்திய அந்தணன், பிறகு வில்லேந்திய அரசன்! இந்தப் பட்டியலிலே மரம் எங்கே, பறவை எங்கே, புழு எங்கே? மீனின் வயிற்றில் ஆமை பிறந்ததாகப் புராணமே சொல்லவில்லையே! தலைமுறை தலைமுறையாகச் சிறு மாறுதல்கள் சேர்ந்து ஓர் இனம் இன்னோர் இனமாவதுதான் பரிணாமம். ஒரே ஆள் பத்து வேடம் புனைவது நாடகம். விலங்கின் வழியில் மனிதன் வந்தான் என்றால் இழிவு; கடவுளே பன்றியாக வந்தார் என்றால் மட்டும் அறிவியலோ?

பேச்சாக இருந்த வரையில் நகைத்து நகர்ந்துவிடலாம். பேச்சு கத்தரிக்கோலாக மாறியபோதுதான் நகைப்பு அடங்கிற்று.

தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த பாடத்தை, 2023இல் வந்த பதிப்பில் ‘மரபுவழி’ என்று மட்டும் ஆக்கியது. டார்வின் போனார். உயிரின் தோற்றம் போயிற்று. பாறைப் படிவங்கள் போயின. மனிதன் வந்த வழி போயிற்று. தனிமங்களின் வரிசை அட்டவணையும் அந்த வகுப்பிலிருந்து கூடவே விடைபெற்றது. பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி முன்னெடுத்த மடலில் 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு, இதைத் திரும்பச் சேருங்கள் என்று கேட்டனர். வந்த மறுமொழி என்ன? கொள்ளை நோய்க் காலத்திலே பிள்ளைகளின் சுமையைக் குறைத்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் இருக்கத்தானே இருக்கிறது!

சுமையைக் குறைப்பவர் மூட்டையை இறக்குவார், முதுகெலும்பை உருவுவாரோ? பரிணாமத்தின் வெளிச்சம் இல்லையேல் உயிரியலில் எதற்குமே பொருள் விளங்காது என்று 1973இல் எழுதினார் தியோடோசியஸ் டாப்சான்ஸ்கி. அவர் நாத்திகரும் அல்லர், கிறித்தவ நம்பிக்கை உடையவர். அந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டால் உயிரியல் என்பது வெறும் பெயர்ப் பட்டியல். தவளைக்கு இதயத்தில் மூன்று அறை, நமக்கு நான்கு, ஏன்? திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளே ஐவிரல் எலும்பு, ஏன்? பட்டியலில் விடை இல்லை. எழுது, மனப்பாடம் செய், மறந்துவிடு.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதாம். யாருக்கு? உயிரியலைத் தேர்ந்தெடுத்தவனுக்கு. வணிகவியல் படிக்கப் போகிறவளுக்கு இல்லை. தொழிற்பயிற்சிப் பள்ளிக்குப் போகிறவனுக்கு இல்லை. பத்தோடு பள்ளியை முடித்து நூற்பாலைக்கோ கடைக்கோ போகிற பிள்ளைக்கு இல்லவே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து அறிவியல் கற்கும் கடைசி ஆண்டு பத்தாம் வகுப்பு. மருத்துவராகப் போகிறவர் எப்படியும் தெரிந்துகொள்வார். நாளை வாக்களிக்கப் போகிறவர்கள், பிள்ளை வளர்க்கப் போகிறவர்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளாமல் போகட்டும் என்பதன்றோ இதன் விளைவு!

ஏன் இந்த அச்சம்? டார்வின் என்ற பெயரிலா? இல்லை, தோழர்களே! ‘மாறும்’ என்ற சொல்லில்தான் அச்சம். மலை மாறும், கடல் மாறும், மீனும் மாறும், மனிதனும் மாறி வந்தவன்தான் என்று ஒரு சிறுமி பதினைந்து வயதில் கற்றுவிட்டால், முகத்தில் பிறந்தான் ஒருவன், காலில் பிறந்தான் ஒருவன், அது அன்றும் இன்றும் என்றும் உள்ளது என்னும் கதையை அவளிடம் எப்படி விற்பது? இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில் கிடைத்தவை. ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு வயது. அங்கிருந்து கிளம்பிய கூட்டத்தின் வழிவந்தவர்கள்தாம் அக்கிரகாரத்தாரும் சேரியாரும். எந்த இருவரை எடுத்து மரபுப் பொருளை ஒப்பிட்டாலும் ஆயிரத்தில் ஏறக்குறைய 999 எழுத்து ஒன்று. அந்த நெடுங்கணக்கிலே வருணம் நேற்றுக் காலை கட்டிய வேலி.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். டார்வின் பெயரைச் சொல்லியே அட்டூழியம் செய்தவர்களும் உண்டு. தக்கது தழைக்கும் என்னும் சொற்றொடரை 1864இல் வழங்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். மனிதரிலும் நல்விதை, தீயவிதை பிரிக்கலாம் என்ற கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவர் கால்டன். அதன் முடிவை ஹிட்லரின் ஜெர்மனியில் உலகம் கண்டது. இயற்கையில் நடப்பதெல்லாம் நீதி என்று பரிணாமப் பாடம் கூறவில்லை. பாம்பு தவளையை விழுங்குகிறது. ஆகவே பண்ணையார் கூலியை விழுங்கலாம் என்று ஆகுமா? பாடத்தை வெட்டுவதற்கு இது காரணமாகாது. பிழையின்றிக் கற்பிப்பதற்கே காரணம்.

சரி, டில்லி வெட்டினால் நமக்கென்ன, நம் மாநிலப் பாடநூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று பத்தாம் வகுப்பிலேயே ஓர் அலகு இருக்கிறதே என்பார் உண்டு. இருக்கிறது. பாராட்டுவோம். ஆனால் அச்சில் இருப்பது வேறு, அறிவில் ஏறுவது வேறு. லாமார்க் கொள்கை, டார்வின் கொள்கை, வேறுபாடு எழுதுக என்ற வினாவுக்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவன், வீட்டுக்குப் போனதும் தேரிமணல் ஏன் சிவப்பு என்று தங்கை கேட்டால், சாபம் என்று சொல்வானாயின், அவன் படித்த படிப்பு எங்கே போயிற்று?

உடன்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டிக்குப் பேர்போன ஊர். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் ஊர். மூன்றுக்கும் மூன்று படைப்புக் கதைகள் உண்டு. அவரவர் இல்லத்தில் அவரவர் கதை இருக்கட்டும். பள்ளிக்கூடம் எந்தக் கதைக்கும் குத்தகை இல்லை. ஏனெனில், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அண்டையிலே மணலால் எழுதிய பெரும் பாடநூல் ஒன்று விரித்துக் கிடக்கிறது. குதிரைமொழித் தேரி!

செக்கச் செவேலென்ற அந்த மணற்குன்றுகள், குற்றமற்ற கன்னி ஒருத்தியின் சாபத்தால் விளைந்தவை என்று கதை வழங்குகிறது. கதையிலே துயரம் இருக்கிறது. அதிகாரம் செய்த அநீதியை மக்கள் மறக்கவில்லை என்பதும் இருக்கிறது. கதையாகப் போற்றலாம், தவறில்லை. ஆனால் மணலுக்கு அது காரணமா? சாபம் என்றதும் கேள்வி செத்துவிடுகிறது. மேற்கொண்டு கேட்க ஏதுமில்லை. இரும்பு என்று சொல்லிப் பாருங்கள், கேள்வி பிறக்கிறது! மணலோடு கலந்த கருந்தாதுக்கள் சிதைந்து, அவற்றிலிருந்த இரும்பு துருவேறி, நிறமற்ற மணித்துகள் ஒவ்வொன்றின் மேலும் செம்பூச்சாகப் படிந்திருக்கிறது. கத்தியில் ஏறும் துருதான், அளவுதான் பெரிது. பள்ளி ஆய்வகத்து அமிலத்தில் இட்டு, ஆசிரியர் மேற்பார்வையில் சூடேற்றினால், சிவப்பு கரைந்து வெளிர்மணல் எஞ்சும். எந்தச் சாபம் அமிலத்தில் கரையும்?

மணல் எங்கிருந்து வந்தது? எப்போது வந்தது? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரெல்லாம் துருவங்களில் பனிப்பாறையாக உறைந்திருந்த நாளில், கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற பகுதிகள் உலர்நிலம். இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம், வானரப் பொறியாளர் தேவைப்பட்டிருக்காது! அந்தப் பனிக்காலம் தளர்ந்து கடல் ஏறிவந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளிலே காற்று மணலை வாரிக் குவித்தது. குவார்ட்சு மணித்துகள் ஒன்று மண்ணுக்கடியில் இருளில் புதைந்ததும் சுற்றியுள்ள கதிர்வீச்சின் ஆற்றலைச் சிறுகச் சிறுகச் சேமிக்கும். வெயில் பட்டதும் இழந்துவிடும். இருளில் எடுத்த துகளின் மேல் ஆய்வகத்திலே ஒளி பாய்ச்சி, அது உமிழும் ஒளியை அளந்தால், கடைசியாக அது வெயிலைக் கண்டது எப்போது என்று கணக்கிடலாம். அப்படிக் கணக்கிட்டவர்கள் தேரிமணலின் படிவுகளுக்குச் சொன்ன காலம், ஏறத்தாழ 11,000 ஆண்டுக்கும் 5,000 ஆண்டுக்கும் இடைப்பட்டது. மணல் துகள் ஒவ்வொன்றும் தன் பிறந்தநாள் பத்திரத்தைத் தானே சுமந்து கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவர்தாம் தேவை.

அந்த மணலுக்குள் மனிதனும் இருக்கிறான். விரல் நகத்தளவு கற்கருவிகள். வெங்கச்சங்கல்லிலும் சிக்கிமுக்கிக் கல்லிலும் தட்டித் தட்டிச் செய்தவை. இப்பகுதியின் நிலவியலை 1880களில் எழுதிய இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் காலத்திலிருந்து கவனிக்கப்பட்டு வந்த இவற்றை, சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் ஆய்ந்து 1956இல் விரிவாக எழுதினர். மெஞ்ஞானபுரமும் அவர்கள் ஆய்ந்த இடங்களில் ஒன்று. உடன்குடியிலிருந்து மிதிவண்டியில் போய்வரும் தொலைவு. அந்த ஊர்ப் பெயரைப் பாருங்கள்! மெய்ஞ்ஞானம் மணலுக்கடியிலே கிடக்க, மாணவன் வினா வங்கி வாங்கத் தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறுகிறான்.

நிலம் அசையாதது என்று எண்ணுவோர் கொற்கைக்குப் போகட்டும். பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்கரும் ரோமரும் அறிந்த பட்டினம், இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கடல் கோபித்துக்கொண்டு போகவில்லை. பொருநை ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையை நீட்டிக்கொண்டே போயிற்று. கொற்கை தூர்ந்தது; காயல் எழுந்தது. காயலும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று, புன்னைக்காயல் வந்தது. ஓர் ஆண்டில் எவர் கண்ணுக்கும் படாத மாற்றம், இரண்டாயிரம் ஆண்டிலே ஒரு துறைமுகத்தையே தின்றுவிட்டது. சிறு காரணம், நெடுங்காலம், பெரு விளைவு! 1830இல் சார்லஸ் லயல் பூமியைப் பற்றி எழுதிய நூலின் உயிர்க்கருத்து இதுதான். அதன் முதற்பகுதியைத்தான் இளைஞன் டார்வின் 1831இல் கப்பலேறும்போது கையோடு கொண்டுபோனான். கொற்கையை 1877இல் தோண்டிப் பார்த்தவர் யார் தெரியுமா? கால்டுவெல் பாதிரியார்! வேதத்தை ஓதியவர்தாம், ஆயினும் ஊரின் வயதை வேதத்தில் தேடவில்லை, மண்ணைத் தோண்டித் தேடினார்.

இன்னொரு வேடிக்கை. வைதிகர் வீட்டுப் பூசைப் பெட்டியிலே சாளக்கிராமம் இருக்கும். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுப்பது. உள்ளே சுருள் இருந்தால் அது திருமாலின் சக்கரமாம். அந்தச் சுருள் என்ன? அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரின் ஓடு! இமயம் எழுவதற்கு முன், அங்கே கடல் கிடந்த காலத்தில் வாழ்ந்து மாண்டு கல்லானது. அதே குலத்து உயிர்கள் நம் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையிலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்த அந்த இனத்துக்கு இன்றும் உயிரோடிருக்கும் உறவினர் யார்? மணப்பாட்டு மீனவர் கூடையில் கொண்டுவரும் கணவாய்! பரிணாமத்தைப் பாடநூலிலிருந்து விரட்டியவர்கள், பரிணாமத்தின் சான்றுக்குத் துளசி சாத்திப் பாலாபிடேகம் செய்கிறார்கள். வணங்கும் கைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

பிரமனின் பகல் ஒன்று 432 கோடி ஆண்டு. பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி. பார்த்தீரா எங்கள் முன்னோர் கணக்கை என்று மார்தட்டுவாரும் உளர். 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கல்லிலுள்ள ஈயத்தை அளந்து 455 கோடி என்று சொன்னார்; எப்படி அளந்தேன் என்றும் சொன்னார்; பிழை எவ்வளவு இருக்கலாம் என்றும் சொன்னார். பிரமன் கணக்கில் அளந்த பொருள் எது, அளவுகோல் எது? கண்ணை மூடி எறிந்த கல் காயருகே விழுந்தால் குறிபார்த்து எறிந்ததாகுமா?

இதுவரை எதிராளியைப் பேசினோம். நம் பாசறையையும் பேசுவோம். சுடும், எனினும் பேசத்தான் வேண்டும். கல்லும் மண்ணும் உருவாகுமுன்பே தமிழ்க்குடி பிறந்துவிட்டதாக நம் மேடையில் முழங்குவோர் இன்றும் உண்டு, கைதட்டுவோரும் உண்டு. அலங்காரமாகச் சொன்னால் விட்டுவிடலாம், வரலாறாகச் சொன்னால்? சென்னைக்கு அருகில் அத்திரம்பாக்கத்திலே கிடைத்த கற்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் நிறுவினர். அவற்றைச் செய்தவன் தமிழனும் அல்லன், ஆரியனும் அல்லன், இன்றைய மனித இனத்தவனே அல்லன்! நமக்கு முன் வந்து போன வேறொரு மனித வகை.

குமரிக்கண்டக் கதையும் அப்படியே. லெமூர் என்னும் விலங்கின் உறவுகள் மடகாசுகரிலும் இந்தியாவிலும் இருப்பதற்கு விளக்கம் தேடிய ஃபிலிப் ஸ்க்ளேட்டர், 1864இல் இடையே ஒரு கண்டம் இருந்திருக்கலாம் என்று ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். அந்நாளில் அது நேர்மையான ஊகம். பிறகு தெரிந்தது என்ன? மூழ்கியது கண்டமன்று, நகர்ந்தது கண்டம்! இந்தியாவே மடகாசுகரிடமிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கே மிதந்து வந்து ஆசியாவை முட்டி இமயத்தை எழுப்பியது. அப்போது பூமியில் டைனோசர்கள் இருந்தன. தமிழ்ச் சங்கம் இருந்திருக்க வழியில்லை. அறிவியல் கைவிட்ட கண்டத்தை நாம் மட்டும் நெஞ்சிலே கட்டிக்கொண்டு அழுவானேன்? பனியுருகிக் கடல் ஏறியபோது நம் கரையோர நிலம் மூழ்கியது உண்மை. கடல்கோள் நினைவுகளுக்கு அது ஒரு வேராக இருக்கலாம். மீனவர் சிற்றூர்கள் மூழ்கியதற்கும் மாகண்டம் மூழ்கியதற்கும் வேறுபாடு உண்டு. தசாவதாரத்தை நகையாடும் வாயால் லெமூரியாவை ஓதினால், எதிரி நம்மைப் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு.

குடிஅரசு ஏட்டிலே 1930களில் சிங்காரவேலர் அறிவியல் எழுதினாரே, அதைப் படித்தவர் எத்தகையோர்? கல்லூரி வாசலை மிதிக்காத தொழிலாளர் பலர். அவர்களுக்கு டார்வின் சுமையாக இருக்கவில்லை. இன்றைய பத்தாம் வகுப்பு மாணவனுக்கு மட்டும் சுமையாகிவிட்டாராம்!

மதவாதிகள் ஒரு நாட்டின் தனிச்சொத்து அல்லர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே 1925இல் பரிணாமம் கற்பித்த குற்றத்துக்கு ஆசிரியர் ஜான் ஸ்கோப்சுக்கு 100 டாலர் தண்டம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டம் தள்ளுபடியாயினும், அச்சட்டத்தை நீக்க 1967 வரை ஆயிற்று. துருக்கி 2017இல் பள்ளிப் பாடத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தது. போப்பாண்டவரோ 1996இல் பரிணாமம் வெறும் ஊகம் என்பதற்கு மேற்பட்டது என்று ஒப்புக்கொண்டார். வாட்டிகனுக்குப் புரிந்தது டில்லிக்குப் புரியவில்லை என்று எப்படி நம்புவது? அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் ஒவ்வொருவரின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே 1976இல் எழுதி வைத்தார்கள். குடிமகனுக்குக் கடமை, அவனுக்குப் பாடநூல் தருபவருக்கு விலக்கா?

பாடநூலில் டார்வினை வெட்டியது 2023. மறு ஆண்டு, 2024 பிப்ரவரி 28இல், உடன்குடிக்கு அடுத்த குலசேகரன்பட்டினத்திலே விண்கல ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நல்லது, மகிழ்கிறோம், தெற்கே திறந்த கடல், இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாத நேர்வழி. பக்கத்திலேயே ஒவ்வொன்றும் 660 மெகாவாட் என்று இரண்டு அலகுகளோடு அனல்மின் நிலையத் திட்டம். அதில் எரியவேண்டிய நிலக்கரி என்ன? மக்கிக் கல்லான காடு! இந்திய நிலக்கரியில் பெரும்பகுதி 25 கோடி ஆண்டுக்கு முற்பட்ட காடுகளின் எச்சம். அதிலே காணும் குளோசாப்டெரிஸ் என்னும் இலைப்படிவம் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அண்டார்டிகாவிலும் கிடைக்கிறது. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பனியில் உறைந்து மாண்ட ஸ்காட் குழுவினர், சாகும் தறுவாயிலும் வீசியெறியாமல் இழுத்துவந்த ஏறக்குறைய 16 கிலோ பாறைகளுக்குள் அந்த இலை இருந்தது. உயிரைவிடச் சான்றைப் பெரிதென மதித்தவர்கள்! இங்கே, அந்த இலையின் கரியை எரித்து விளக்கேற்றுவோம், அதன் கதையை மட்டும் பிள்ளைக்குச் சொல்லமாட்டோம் என்கிறார்கள். ஏவுகணை வேண்டும், எண்ணம் வேண்டாம். மின்சாரம் வேண்டும், வெளிச்சம் வேண்டாம்!

ஆசிரியர் மேல் பழி போட்டு ஒதுங்குவதும் நமக்கு அழகன்று. நூறு பக்கத்தை முடிக்க நாள் போதாது. களப்பயணத்துக்கு அனுமதிக்கடிதம் எழுதவே ஒரு வாரம். நடுவே தேர்வு விழுக்காட்டைக் கேட்டு மேலிடம் விரட்டும். ஆகவே பள்ளி செய்யாததைப் படிப்பகம் செய்யட்டும். மன்றம் வைத்திருக்கும் தோழர்கள், ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை எடுத்து, தை, மாசித் திங்களில் ஒரு ஞாயிறு, ஊர்ப் பிள்ளைகளைத் தேரிக்கு அழைத்துப் போங்கள். சித்திரை வெயிலில் போனால் பிள்ளைகள் கால் வெந்து டார்வினையே சபிப்பார்கள். பனையேறும் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். ஆண்பனை எது, பெண்பனை எது, பக்கத்துப் பக்கத்து மரங்களுக்குள்ளே பதனீரில் என்ன வேறுபாடு என்று அவர் சொல்லட்டும். ஓர் இனத்துக்குள்ளே ஒவ்வோர் உயிரும் வேறுபடும் என்பதிலிருந்துதானே டார்வினும் தொடங்கினார். அவர் புறா வளர்ப்பவரிடம் கேட்டதை நாம் பனையேறியிடம் கேட்போம். சிப்பிப்பாறை நாயையும் இராசபாளையம் நாயையும் காட்டி, இவற்றைப் பிரித்து வளர்த்தது யார் கை என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

காந்தத் துண்டு ஒன்று கொண்டுபோங்கள். மணப்பாட்டுக் கடற்கரை மணலில் புரட்டி எடுத்தால் கருந்துகள்கள் மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும். தேரியின் சிவப்புக்கு மூலம் இத்தகைய தாதுக்கள்தாம் என்று அப்போது சொன்னால் போதும், சொற்பொழிவு தேவையில்லை.

கற்கருவி கண்ணில் பட்டால், எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த மட்டத்தில், எந்த மணலில், எதனோடு கிடந்தது என்பது தெரியாவிட்டால் அது வெறுங்கல். கிடந்தபடியே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். மடலைக் கண்டெடுத்த பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள்.